‘என் லேப்டாப்புல ஓடுது, கடையில ஓடல’: டெஸ்க்டாப் செயலி எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் கடைக்கு பில் போடும் செயலி, கோயிலுக்கு அர்ச்சனை ரசீது, துணைப்பாட நிலையத்துக்கு மாணவர் பதிவு என்று சின்னச் சின்ன விண்டோஸ் செயலிகள் எழுதித் தரும் நம்மவர்கள் நிறையப் பேர். பாலிடெக்னிக் மாணவர்களும் இருக்கிறார்கள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் கீழே. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளம், அதில் எழுதும் சி ஷார்ப் மொழி பற்றியவை. ஓரிடத்தில் பைத்தான் மொழியும் வரும்.

கடையில் போட்டதும் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் கடைக்காரரிடம் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “ஏதோ எரர் வந்துச்சு தம்பி, ஓகே அமுக்கிட்டேன்” என்ற தகவலை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. திரையில் ஒன்றுமே வராமல் செயலி மறைந்துவிட்டால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் அப்ளிகேஷன் பகுதியைப் பாருங்கள். ‘டாட்நெட் ரன்டைம்’ என்ற பெயரில் 1026 எண்ணுள்ள பதிவு இருந்தால், எந்த எக்செப்ஷனில் (ஓடும்போது வரும் பிழை) செயலி விழுந்தது என்பது அதிலேயே எழுதியிருக்கும். பல நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பலர் இந்த ஒரு பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. உங்கள் கணினியில் செயலி எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ போட்டபோது கூடவே வந்து உட்கார்ந்த ஏதோ ஒன்று கடைக் கணினியில் இல்லை. ‘விசிரன்டைம்140 டிஎல்எல் காணவில்லை’ என்று வந்தால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போடுங்கள். அந்த டிஎல்எல்லை (செயலிக்குத் துணையாக இருக்கும் கோப்பு) மட்டும் ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். வைரஸ் வரும் வழி அது.

இன்னொன்று 32 பிட், 64 பிட் மோதல். 64 பிட் செயலியால் 32 பிட் டிஎல்எல்லை ஏற்ற முடியாது, மறுபக்கமும் அப்படியே. ‘பேட் இமேஜ் ஃபார்மட்’ எக்செப்ஷனோ, 7பி என்று முடியும் நீளமான எரர் எண்ணோ வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் கோப்பைப் படிக்கும் செயலிகளில் ‘ஏஸ் ஓஎல்இடிபி புரொவைடர் பதிவாகவில்லை’ என்று வருவதும் இந்த வகை. கடையில் 32 பிட் ஆஃபீஸ் இருக்கும், உங்கள் செயலி 64 பிட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ‘எனி சிபியு’ என்று விட்டுவிடாமல், எது வேண்டுமோ அதைத் திட்டமாகத் தேர்ந்தெடுத்து பில்ட் செய்யுங்கள். ஒரு வேடிக்கை: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குள் இருப்பவை 32 பிட். பெயரை நம்பி டிஎல்எல்லைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு முழிப்பவர்கள் இன்றும் உண்டு.

செட்டிங்ஸைச் சேமிக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்கிறது. அட்மினாக ஓட்டினால் சரியாகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. நீங்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் பார்க்கிறீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில், உங்கள் செயலியின் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே எழுதுங்கள். பழைய 32 பிட் செயலிகளில் இன்னொரு கூத்தும் நடக்கும்: எரரே வராது, ஆனால் விண்டோஸ் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். இரண்டு ஊழியர்கள் ஒரே கணினியில் தனித்தனியாக லாகின் செய்தால், ஆளுக்கொரு செட்டிங்ஸ் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

அண்ணா, ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் ஜன்னல் வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது.

செயலி செத்துப்போகவில்லை தம்பி, வேலையில் மூழ்கியிருக்கிறது. பட்டன், மவுஸ், திரையை வரைவது எல்லாவற்றையும் ஒரே ஒரு யுஐ திரெட் (திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இழை) கவனிக்கிறது. அதே திரெட்டில் டேட்டாபேஸிலிருந்து ஒரு வருடக் கணக்கை இழுத்தால், அது முடியும்வரை வேறு எதையும் கவனிக்க ஆள் இல்லை. ஏறத்தாழ 5 விநாடி பதில் வரவில்லை என்றால் விண்டோஸ் அந்த ஜன்னலுக்குப் பதில் ஒரு வெளுத்த பிம்பத்தை வைத்துவிடும். வாடிக்கையாளர் பொறுமை இழந்து மூடிவிட்டால், பாதியில் நின்ற பில் அப்படியே கிடக்கும்.

நீளமான வேலையை ‘டாஸ்க் ரன்’ மூலம் வேறு திரெட்டுக்கு அனுப்பிவிட்டு ‘அவெய்ட்’ செய்யுங்கள். சி ஷார்ப்பில் 2012 முதல் இந்த வசதி இருக்கிறது. இன்னும் ‘டூஈவென்ட்ஸ்’ போட்டு ஒப்பேற்றுவது வேண்டாம். அதைப் போட்டால் ஜன்னல் உயிரோடு தெரியும், ஆனால் பயனர் அதே பட்டனை இரண்டாம் முறை அழுத்த முடியும், ஒரே பில் இரண்டு முறை பதிவாகும். வேலை தொடங்கும்போதே பட்டனை முடக்கி வையுங்கள்.

அப்படிச் செய்ததும் ‘கிராஸ் திரெட்’ எரர் வருகிறதே?

வேறு திரெட்டிலிருந்து லேபிளையோ கிரிட்டையோ தொட்டிருப்பீர்கள். கன்ட்ரோலை உண்டாக்கிய திரெட்தான் அதைத் தொடலாம். திரைகளை வின்ஃபார்ம்ஸில் எழுதியிருந்தால் ‘இன்வோக்’, டபிள்யூபிஎஃப்பில் எழுதியிருந்தால் ‘டிஸ்பாட்சர்’ வழியாகத் திரும்பி வாருங்கள். அல்லது ‘அவெய்ட்’ முடிந்த பிறகு வரும் வரியில் திரையை மாற்றுங்கள், அது தானாகவே யுஐ திரெட்டில்தான் ஓடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அசிங்க் மெத்தடை (‘அவெய்ட்’ போட்டுக் காத்திருக்க வேண்டியது) அழைத்துவிட்டு ‘டாட் ரிசல்ட்’ என்று எடுக்காதீர்கள். யுஐ திரெட் பதிலுக்காகக் காத்திருக்கும், பதிலோ யுஐ திரெட் ஓய்வாகட்டும் என்று காத்திருக்கும். இந்த முறை ஜன்னல் தானாகச் சரியாகாது.

மாதத்தின் 12ஆம் தேதிவரை நன்றாக ஓடியது. 13ஆம் தேதி காலையில் தேதி எரர். என்ன மாயம்?

மாயமில்லை. புதிதாக வாங்கிய கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் 03/04/2025 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் அது மார்ச் 4. 12ஆம் தேதிவரை நாளும் மாதமும் இடம் மாறினாலும் செல்லுபடியாகும் தேதியாகவே இருப்பதால் எரர் வராது. 13வது மாதம் என்று ஒன்று இல்லாததால் அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படுகிறது. ஆகவே கவலைப்பட வேண்டியது 13ஆம் தேதியைப் பற்றி அல்ல. முந்தைய 12 நாள்களில் தவறான தேதியில் பதிவான பில்களைப் பற்றி. அவற்றை முதலில் தேடித் திருத்துங்கள்.

சேமிக்கும்போதும் கோப்பில் எழுதும்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை, எந்த நாட்டு அமைப்பையும் சாராத ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’ கொடுத்து, வடிவத்தையும் சொல்லியே எழுதுங்கள், படியுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் வடிவம். டேட்டாபேஸ் கேள்விகளில் (குவெரி) தேதியை எழுத்தாக ஒட்டாமல் பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாக, அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

சில உறுப்பினர்களுக்குப் பிறந்த நாள் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் அல்ல, வயதானவர்களுக்கு மட்டும்!

இது சிங்கப்பூரின் நேர வரலாற்றால் வரும் வழு. கண்டுபிடித்தால் ஒரு காப்பி வாங்கிக் குடிக்கலாம்.

சிங்கப்பூர் இன்று உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறது. 1981 கடைசிவரை இடைவெளி ஏழரை மணிதான். 1982 பிறந்தபோதுதான் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளினார்கள். லினக்ஸ் சர்வர்களும் ஜாவாவும் பயன்படுத்தும் ஐயானா நேர மண்டலத் தரவுத்தளத்துக்கு இந்த வரலாறு தெரியும். விண்டோஸின் நேர மண்டலப் பட்டியலில் சிங்கப்பூருக்கு 8 மணி என்ற ஒரே கணக்குதான்.

1975இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டெஸ்க்டாப் செயலி அவருடைய பிறந்த தேதியை நள்ளிரவு 12 மணி என்று வைத்து, 8 மணி நேரத்தைக் கழித்து, முந்தைய நாள் மாலை 4 மணி என்று சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைத் திரும்ப மாற்றும்போது ஏழரை மணி நேரத்தைத்தான் கூட்டுகிறது. கிடைப்பது முந்தைய நாள் இரவு 11:30. தேதியை மட்டும் காட்டினால் ஒரு நாள் குறைந்துவிடும். 1982க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் எட்டுதான், அதனால் வழு தெரியாது. இளைஞர்களின் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தால் கடைசிவரை தெரியாது.

பிறந்த தேதிக்கு நேரமே தேவையில்லை. டாட்நெட் 6 முதல் இருக்கும் ‘டேட்ஒன்லி’ வகையைப் பயன்படுத்துங்கள், டேட்டாபேஸிலும் வெறும் தேதியாக வையுங்கள். நேர மாற்றக் கணக்குக்குள்ளேயே அது போகக்கூடாது.

பொருள், சேவை வரி மாறியபோது பழைய பில்களை மறுபடி அச்சடித்தால் தொகை மாறிவிட்டது. ஏன்?

வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள் ஓர் எண்ணாக எழுதியிருப்பீர்கள், அல்லது செட்டிங்ஸில் ஒரே ஒரு எண்ணாக வைத்திருப்பீர்கள். 2007 முதல் 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. டிசம்பரில் வாங்கிய பொருளை ஜனவரியில் திருப்பிக் கொடுப்பவருக்கு எந்த விகிதத்தில் பணம் தருவீர்கள்? விகிதங்களைத் தொடக்கத் தேதியோடு ஒரு டேபிளில் வையுங்கள். அதோடு ஒவ்வொரு பில்லிலும் அன்று போட்ட விகிதத்தையும் வரித் தொகையையும் எழுதிவிடுங்கள். அச்சடித்துக் கொடுத்த பில்லை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கும் உரிமை உங்கள் செயலிக்கு இல்லை.

எக்ஸெல் கணக்கும் என் செயலியின் கணக்கும் ஒரு காசு வித்தியாசப்படுகிறது. ஒரு காசுதானே?

அந்த ஒரு காசுக்காகக் கணக்காளர் அரை நாள் உட்கார்ந்து தேடுவார்.

பணத்துக்கு ‘டபுள்’ எண் வகையைப் பயன்படுத்தியிருந்தால் முதலில் ‘டெசிமல்’ ஆக்குங்கள். 0.1 என்ற எண்ணையே டபுளால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. டெசிமல் ஆக்கியும் இடிக்கிறது என்றால் முழுமையாக்கும் முறையைப் பாருங்கள். 50 காசுப் பொருளுக்கு 9 விழுக்காடு வரி 0.045 வெள்ளி. எக்ஸெல்லின் ‘ரவுண்ட்’ இதை 0.05 ஆக்கும். டாட்நெட்டின் ‘மேத் ரவுண்ட்’ ஒன்றும் சொல்லாமல் விட்டால் 0.04 ஆக்கும், ஏனென்றால் சரிபாதி வரும்போது அது இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். ‘அவே ஃப்ரம் ஸீரோ’ என்று வெளிப்படையாகக் கொடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முழுமையாக்குவதா, மொத்தத்துக்கா என்பதைக் கடையின் கணக்காளரிடம் கேட்டு ஒரே முறையில் நில்லுங்கள்.

ரொக்கத்துக்கு இன்னொரு படி உண்டு. ஒரு காசு நாணயம் வெளியிடுவதை 2002இல் நிறுத்திவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு மொத்தத்தை 5 காசுக்கு முழுமையாக்குவீர்கள், அட்டையில் கொடுப்பவருக்கு அப்படியே விடுவீர்கள். அந்த வித்தியாசத்தைத் தனிப் பத்தியில் (டேபிளின் நெடுவரிசை) பதியாவிட்டால் நாள் முடிவில் கல்லா ஒருநாளும் ஒத்துப்போகாது.

தமிழில் பெயர் அடித்துச் சேமித்தால் வெறும் கேள்விக்குறிகளாகத் திரும்பி வருகிறது.

கேள்விக்குறி வந்துவிட்டால் தகவல் போய்விட்டது, மீட்க முடியாது. எஸ்க்யூஎல் சர்வரில் ‘வார்கேர்’ பத்தியில் போட்டிருப்பீர்கள், யூனிகோடு தாங்கும் ‘என்வார்கேர்’ ஆக்குங்கள். பத்தி சரியாக இருந்தும் கேள்விக்குறி வந்தால், குவெரியில் மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ (N) எழுத்து விடுபட்டிருக்கும். பாராமீட்டர் போட்டால் அந்தக் கவலையும் இல்லை.

பத்தியின் அளவைத் தமிழ் எழுத்தை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ‘சிங்கப்பூர்’ என்பது நமக்கு ஆறெழுத்து. யூனிகோடில் 11 குறிகள், யுடிஎஃப்8 குறியாக்கத்தில் எழுதிய கோப்பில் 33 பைட். பத்தியில் இடமில்லை என்று 8 குறிகளில் வெட்டினால் ‘சிங்கப்ப’ என்று நிற்கும். எழுத்தாகவே எண்ண வேண்டும் என்றால் டாட்நெட்டில் ‘ஸ்ட்ரிங்இன்ஃபோ’ இருக்கிறது.

கேள்விக்குறிக்குப் பதில் கொம்பும் தொப்பியும் முளைத்த லத்தீன் எழுத்துகள் வந்தால் நல்ல செய்தி: தகவல் பத்திரமாக இருக்கிறது, யுடிஎஃப்8 கோப்பை வேறு குறியாக்கத்தில் படித்துவிட்டீர்கள். தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த கோயில் ஆவணங்கள், சங்க உறுப்பினர் பட்டியல்கள் மட்டும் வேறு கதை. கணித்தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் 1997இல் நடத்திய தமிழ்நெட் மாநாடே, ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்த அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அத்தகைய கோப்புகளை யுடிஎஃப்8 என்று மாற்றிச் சேமிப்பதால் ஒன்றும் ஆகாது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியில் போட வேண்டும்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பை எக்ஸெல்லில் திறந்தால் தமிழ் சிதைகிறது.

கோப்பின் தலையில் 3 பைட் பாம் (BOM) குறியோடு எழுதுங்கள், எக்ஸெல் யுடிஎஃப்8 என்று புரிந்துகொள்ளும். ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் வாடிக்கையாளர்களின் அஞ்சல் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள். அங்கே ஆறு இலக்கம் பூஜ்யத்தில் தொடங்கும், எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். உங்கள் டேபிளிலேயே அஞ்சல் குறியீட்டை எண்ணாக வைத்திருந்தால் எக்ஸெல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் ‘இல்லை’ என்கிறது.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறி, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் ‘நார்மலைஸ்’ செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஔவை விஷயம் இதற்கும் பிடிபடாது. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிப்பார்கள். கணினிக்கு அது முற்றிலும் வேறு சொல். அதற்கு நீங்களே விதி எழுத வேண்டும்.

அகரவரிசையும் இதோடு சேர்ந்த தலைவலி. யூனிகோடு எண்படி வரிசைப்படுத்தினால் ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்காரும், ‘ஜ’ ‘ச’வுக்கு அடுத்து வரும். தமிழ் கல்ச்சரைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

ரசீது பிரின்டரில் தமிழ் வரவில்லை.

பெரும்பாலான தெர்மல் பிரின்டர்களுக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. ரசீதைப் படமாக வரைந்து அனுப்புங்கள். வழக்கமான 80 மில்லிமீட்டர் தாளில் 576 புள்ளி அகலம் கிடைக்கும். விலைப் பத்தியை ஸ்பேஸ் போட்டு நேராக்க முயலாதீர்கள், தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறும். இடத்தை அளந்து வரையுங்கள். பிடிஎஃப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ புள்ளி வட்டம் தெரிந்தாலோ, அந்த லைப்ரரிக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். ஹார்ஃப்பஸ் போன்ற எஞ்சினைப் பயன்படுத்தும் லைப்ரரிக்கு மாறுங்கள்.

சில வாடிக்கையாளருக்கு மட்டும் இன்வாய்ஸ் கோப்பு சேமிக்க மறுக்கிறது.

அவர்கள் பெயரில் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ இருக்கும். வாடிக்கையாளர் பெயரையே கோப்பின் பெயராக வைத்தால், அந்தச் சாய்கோட்டை விண்டோஸ் ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். இன்வாய்ஸ் எண்ணைக் கோப்பின் பெயராக்குங்கள். கையோடு, ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டாயக் கட்டத்தையும் எடுத்துவிடுங்கள். நம்மில் பாதிப் பேருக்கு அது கிடையாது.

காலையில் வேகம், சாயங்காலம் ஆமை. பிறகு எழுத்தெல்லாம் காணாமல் போய்ச் செயலி விழுகிறது.

டாஸ்க் மேனேஜரில் ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ (திரையில் வரையப் பயன்படும் பொருள்களின் எண்ணிக்கை) பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், ஒரு செயலிக்கு உள்ள 10,000 என்ற வரம்பில் முட்டுகிறீர்கள். பிட்மேப், பென், ஃபான்ட், ‘ஷோடயலாக்’ மூலம் திறக்கும் ஃபார்ம் எல்லாவற்றையும் ‘யூஸிங்’ போட்டு விடுவியுங்கள்.

பைத்தானில் எழுதி பைஇன்ஸ்டாலரில் இஎக்ஸ்இ ஆக்கினேன். வைரஸ் என்கிறது கணினி.

ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஓடும்போது தற்காலிக ஃபோல்டரில் தன்னையே பிரித்துப் போடும். வைரஸ்களும் அதைத்தான் செய்யும் என்பதால் சந்தேகம். ஃபோல்டராகக் கட்டிப் பாருங்கள், தொந்தரவு குறையும். செயலி யாருடையது என்று காட்டும் கையெழுத்துச் சான்றிதழ் இருந்தால் இன்னும் குறையும், ஆனால் காசு பிடிக்கும். 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை வன்பொருளில் வைக்க வேண்டும் என்பதும் விதி. ஒரே கடைக்கு எழுதுபவருக்கு அது கட்டுப்படியாகாது. அந்தக் கணினியின் வைரஸ் தடுப்பில் உங்கள் செயலிக்கு விலக்கு கொடுத்துவிட்டுப் போகலாம்.

லாக் கோப்பில் எதையெல்லாம் எழுதலாம்?

நேரம், செயலியின் பதிப்பு, எந்தத் திரை, பில் எண், முழு ஸ்டாக் டிரேஸ் (எந்தெந்த வரி வழியாக வந்து விழுந்தது என்ற பட்டியல்). எக்செப்ஷனைப் பிடித்து ‘மெசேஜ்’ மட்டும் எழுதி வைத்தால் எந்த வரியில் விழுந்தது என்பது தெரியாது. எக்செப்ஷனைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத காலியான ‘கேட்ச்’ எழுதுபவரோடு நான் வாதிடுவதில்லை, புரோகிராமைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடையாள அட்டை எண், தொலைபேசி எண் இரண்டும் லாக்கில் வரக்கூடாது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் கடைக்காரரைத்தான் பொறுப்பாக்கும், ஆனால் அவர் உங்களைத்தான் கூப்பிடுவார். அந்த லாக் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வரும், நீங்கள் உதவி கேட்டு நண்பருக்கு அனுப்புவீர்கள், அவர் ஒரு குழுவில் போடுவார். உறுப்பினர் பதிவு எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆள் யார் என்று பார்க்க வேண்டுமானால் கடைக்குப் போய் டேட்டாபேஸில் பார்த்துக்கொள்ளலாம்.